பாங்காக் ஆற்றில் ஒரு நாள்: முட்டி வலி உள்ள அம்மாவோடு போகிறோம், வழிகாட்டியுடன் போவதா, நாமே போவதா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் அம்மா, அப்பா, கணவர், நான் என நான்கு பேர் பாங்காக் போகிறோம். மொத்தம் நான்கு நாள். அதில் ஒரு முழு நாளை சாவ் ப்ரயா ஆற்றுக்கும் அதன் கரையில் இருக்கும் கோயில்களுக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஒரு ஏஜென்ட், வழிகாட்டியோடு படகுச் சுற்றுலா என்று ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார். காலை 7:30-க்கு ஹோட்டலில் ஏற்றிக்கொண்டு, பெரிய அரண்மனை, வாட் போ, வாட் அருண் (வாட் என்றால் கோயில்), பூ மார்க்கெட், படகில் மதியச் சாப்பாடு, கால்வாய்ச் சுற்று, மாலை 4 மணிக்குத் திரும்ப விடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு 67 வயது, போன வருடம்தான் வலது முட்டியில் ஆபரேஷன் ஆனது. சமதரையில் நன்றாக நடப்பார். படி என்றால் ஒவ்வொன்றாகத்தான்.

அம்மாவுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். ராமாயணம் என்றால் உயிர். அங்கே சுவர் முழுக்க ராமாயணம் வரைந்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அதே பேச்சு. அவர் சோர்ந்துபோகாமல் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிலோம்வாசி:

வாருங்கள். நான் இங்கே 12 வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் ஆற்றுக்குத்தான் கூட்டிப்போவேன்.

அந்தத் திட்டத்தில் இடங்கள் சரி, அத்தனையையும் ஒரே நாளில் திணித்திருப்பதுதான் தவறு. பெரிய அரண்மனையில் நிழல் குறைவு, கூட்டம் அதிகம். 8:30-க்குத் திறந்து அரை மணி நேரத்திலேயே நெரிசல் தொடங்கிவிடும். அதை முடித்துவிட்டு வாட் போ, அப்புறம் அக்கரையில் வாட் அருண் என்றால், முட்டி நன்றாக இருப்பவர்களே மதியத்துக்குள் களைத்துவிடுவார்கள்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றில் பல வகைப் படகு ஓடுகிறது. ஆரஞ்சுக் கொடி கட்டிய விரைவுப் படகு ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 2024-இல் 16 பாட். நீலக் கொடிப் படகு சுற்றுலாக்காரர்களுக்கு. உட்கார இடம் கிடைக்கும், ஆங்கிலத்தில் அறிவிப்பும் உண்டு. இரண்டையும் சாத்தோன் துறையில் பிடிக்கலாம். சபான் தக்சின் வான்ரயில் நிலையத்தின் காலடியிலேயே அந்தத் துறை இருக்கிறது. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஃபெர்ரி போகும். கடைசியாக நீள்வால் படகு, தாய் மொழியில் ரூவா ஹாங் யாவ். பழைய லாரி, கார் எஞ்சினைப் பின்னால் பூட்டி, நீளமான தண்டின் நுனியில் சுழலும் விசிறியால் ஓடுவது. கால்வாய்க்குள் போக அதுதான் சரி.

அம்மாவுக்காக ஒன்று கவனியுங்கள். படகுத்துறை மிதவை மேல் கட்டியது, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். கடல் பக்கம் என்பதால் ஆற்றில் ஓதமும் வற்றமும் உண்டு. நீர் தாழ்ந்திருக்கும்போது கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் சரிவு செங்குத்தாகிவிடும். ஆரஞ்சுக் கொடிப் படகு ஒரு துறையில் சில நொடிகள்தான் நிற்கும். பின்பக்கம் நிற்கும் ஆள் விசில் அடித்தே ஓட்டுபவருக்குச் சைகை கொடுப்பார். விசில் சத்தம் கேட்டதும் பதறித் தாவ வேண்டாம். ஏறும் இடத்துக்கு முன்னமே வந்து நின்றுகொண்டால், ஒரு கை அவரே கொடுப்பார். காலை அலுவலக நேரத்தில் மட்டும் அந்தப் படகைத் தவிர்த்துவிடுங்கள்.

என் யோசனை: வழிகாட்டி வேண்டாம். நீலக் கொடிப் படகில் ஏறி, வாட் போ, வாட் அருண் இரண்டோடு நிறுத்துங்கள். மாலை ஒன்றரை மணி நேரம் கால்வாய். அரண்மனையை வேறொரு நாள் காலையில் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வாசிரியர்:

சிலோம்வாசி தம்பி சொன்ன நேரக் கணக்கெல்லாம் சரி. ஆனால் வழிகாட்டி வேண்டாம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

2017-இல் நானும் என் மனைவியும் நாங்களாகவே போனோம். வாட் போவில் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம், பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். மலைத்துப்போய் நின்றோம். அந்த மண்டபத்திலேயே வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். அதையும் செய்துவிட்டு வெளியே வந்து படகேறிவிட்டோம். முக்கால் மணி நேரம்.

ஊர் திரும்பிய பிறகுதான் ஒரு நண்பர் சொன்னார். அதே வளாகத்தில் உபோசத மண்டபத்தை, அதாவது பிக்குகள் துறவு ஏற்கும் முதன்மை மண்டபத்தை, சுற்றிய தாழ்சுவரில் 152 சலவைக்கல் சிற்பங்களில் ராமாயணம் இருக்கிறதாம். சீதையைக் கவர்ந்து செல்வதில் தொடங்குகிறது. கல்வெட்டுகளோ ஆயிரத்துக்கு மேல். மருத்துவம், யோக ஆசனம், செய்யுள் இலக்கணம் என்று அந்தக் காலத்துப் பல்கலைக்கழகமாகவே மூன்றாம் ராமா மன்னர் அதை அமைத்திருக்கிறார். யுனெஸ்கோ 2011-இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இவ்வளவும் இருந்த இடத்தின் பக்கத்தில்தான் நடந்து போயிருக்கிறேன். 34 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மகளே, உங்கள் அம்மாவுக்கு ராமாயணம் உயிர் என்கிறீர்கள். அங்கே அதன் பெயர் ராமகியேன். நம் கதைதான், ஆனால் வேறு வழியில் போகும். ராவணன் அங்கே தோசகன், அதாவது தசகண்டன். விபீஷணன் பிபேக். அனுமார் அங்கே பிரம்மசாரி இல்லை. சேது கட்டும்போது கல்லையெல்லாம் திருடிக்கொண்டு போகும் சுவர்ண மச்சா என்ற பொன்மீன் பெண் ராவணனின் மகள். அனுமாருக்கும் அவளுக்கும் மகனே பிறக்கிறான். இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லாமல் அம்மா அந்தச் சுவரைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

குமரிமுனை:

ஐயா சொல்வது நல்ல வழிகாட்டி கிடைத்தால். எங்களுக்குக் கிடைத்தது வேறு.

போன வருடம் ஒரு நிறுவனம் வழியாகப் போனோம். வாட் அருணில் எங்களுக்குக் கொடுத்தது 25 நிமிடம். படம் எடுக்கக்கூட வரிசை. கைக்குழந்தையோடு என் மனைவி கழிப்பறை போய் வருவதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வழியில் ரத்தினக்கல் கடை ஒன்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். திட்டத்தில் அது 'கைவினைப் பட்டறை' என்று இருந்தது. யாரும் எதுவும் வாங்கவில்லை, அதற்கப்புறம் பேச்சே மாறிவிட்டது.

முன்பணம் கட்டும் முன் 'கடை எதற்கும் கூட்டிப்போவீர்களா' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

சிலோம்வாசி:

குமரிமுனை சொன்ன கதையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். விலை மலிவாக இருக்கும் சுற்றுலாவில் மீதிப் பணம் கடைக் கமிஷனில்தான் வருகிறது.

ஆனால் ஐயாவின் பதிவைப் படித்த பிறகு என் கருத்தைப் பாதி மாற்றிக்கொள்கிறேன். வழிகாட்டி நாள் முழுக்க வேண்டாம், வாட் போவில் மட்டும் வேண்டும். நுழைவாயில் பக்கத்திலேயே உரிமம் உள்ள வழிகாட்டிகள் இருப்பார்கள், கழுத்தில் அட்டை தொங்கும். ஒரு மணி நேரத்துக்கு என்ன என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். ராமகியேன் சிற்பங்கள்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் படுத்த புத்தரோடு முடித்துவிடுவார்கள்.

தமிழ் பேசும் வழிகாட்டி கிடைப்பாரா என்று பலர் கேட்கிறார்கள். இங்கே வழிகாட்டி வேலை சட்டப்படி தாய்லாந்து குடிமக்களுக்கு மட்டுமே உரியது. நம் ஊரிலிருந்து குழுவோடு வரும் மேலாளர் கூட இருக்கலாம், கோயிலில் நின்று விளக்கம் சொல்லக்கூடாது. அதனால் ஆங்கிலத்தில் கேட்டு நீங்கள்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அது இன்னும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அரண்மனைப் பக்கம் யாராவது நல்ல உடையில் வந்து 'இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்' என்றால் நிற்காமல் நடந்துவிடுங்கள். அவர் ஏற்றிவிடும் டுக்-டுக் (நம் ஆட்டோ போல) போய் நிற்கும் இடமும் ரத்தினக்கல் கடைதான்.

வைகைக்கரை:

ஐயா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. பொன்மீன் கதையை அம்மாவிடம் சொன்னேன். 'அனுமாருக்கா?' என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் சாயங்காலம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கவலை சாப்பாடு. அம்மா, அப்பா இருவரும் சைவம். முட்டைகூட இல்லை. உடை விஷயமும் சொல்லுங்கள்.

நொய்யல்:

மாமியாரோடு போய் வந்திருக்கிறேன், அதனால் இது எனக்குத் தெரிந்த விஷயம் தங்கச்சி.

கறி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. மீன் சாறு, நாம் ப்லா என்பார்கள், எல்லாவற்றிலும் விழும். சிப்பிச் சாறும் அப்படித்தான். நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தை 'ஜே'. ஜே என்றால் கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, பூண்டு வெங்காயம்கூட இல்லை. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் ஜே கடைகள். 'மங்சவிரத்' என்றும் சொல்லலாம், அதில் வரும் 'மங்ச' நம் மாம்சம்தான். ஆனால் அதில் முட்டை சேர்ந்துவிடலாம், அதனால் ஜே என்பதே பத்திரம்.

சுற்றுலாப் படகுச் சாப்பாட்டை நம்பாதீர்கள். எங்களுக்குச் 'சைவம்' என்று வந்த சூப்பில் இறால் வாசம். மாமியார் ஸ்பூனை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு நாள் முழுக்க அவருக்கு வாழைப்பழம்தான். கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரை இருந்தால் கவலையே இல்லை.

உடை: தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதார் எல்லாம் சரி, ஆண்கள் அரைக்கால் சட்டை வேண்டாம். கழற்றி மாட்ட எளிதான செருப்பு. உட்காரும்போது பாதம் புத்தரைப் பார்த்து நீட்டாமல் மடக்கிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு முட்டி மடங்காது என்றால் தூண் ஓரமாக நின்றே கும்பிடட்டும். படகில் பிக்குகளுக்கென்று தனி இடம் உண்டு, அங்கே போய் நிற்க வேண்டாம். பெண்கள் அவர்கள் மேல் படாமல் விலகி நிற்பது வழக்கம்.

குமரிமுனை:

இன்னொரு யோசனை. பாங்காக் கோயில்களை விட்டுவிட்டு அயுத்தயா போனால் என்ன? பேருந்தில் போய் ஆற்றுவழியாகத் திரும்பும் ஒரு நாள் சுற்றுலா இருக்கிறதே.

ஓய்வாசிரியர்:

அயுத்தயா பார்க்க வேண்டிய ஊர்தான், சந்தேகமே இல்லை. நம் அயோத்தியின் பெயர். 1350-லிருந்து 1767 வரை தலைநகரம், பர்மியப் படை எரித்து அழித்தது. மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு. வாட் மகாதாத்தில் அரச மரத்தின் வேர்களுக்கு நடுவே புத்தரின் தலை மட்டும் தெரியும். பக்கத்தில் படம் எடுத்துக்கொள்பவர்கள் தங்கள் தலை அதைவிட உயரமாகாதபடி தாழ்ந்து உட்கார வேண்டும்.

ஆனால் இடிபாடுகள் வெட்டவெளியில், தூரம் தூரமாக இருக்கின்றன. செங்கல் படிகளுக்குப் பிடிமானம் கிடையாது. ஆபரேஷன் ஆன முட்டிக்கு அது ஏற்றதில்லை. படகில் திரும்பும் சுற்றுலாவில் எந்தத் துறையில் ஏற்றுகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதி வழி பேருந்திலேயே போய்விடும் திட்டங்களும் உண்டு. அப்பாவும் மருமகனும் தனியாக ஒரு நாள் போய் வரலாம்.

சேதுக்கரை:

ஆற்றங்கரையில் இல்லாத ஓர் இடத்தைச் சொல்ல வந்தேன், மன்னியுங்கள். அரண்மனையிலிருந்து டாக்ஸியில் கொஞ்ச தூரத்தில் பெரிய ஊஞ்சல் இருக்கிறது. சிவப்பு நிறத்தில், சுமார் 21 மீட்டர் உயரம். பக்கத்தில் தேவஸ்தான், அரசவைப் பிராமணர்களின் கோயில், 1784-இல் கட்டியது.

அங்கே நடக்கும் விழாவின் பெயர் த்ரியம்பாவாய் த்ரிபாவாய். திருவெம்பாவை, திருப்பாவை. நம் பாசுரங்கள் கடல் தாண்டிப் போய், உச்சரிப்பு தேய்ந்து, மந்திரமாக நின்றிருக்கின்றன. ஊஞ்சலில் ஆடுவதை 1935-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள், வழிபாடு இன்னும் நடக்கிறது. மார்கழியை ஒட்டித்தான் வரும், நீங்கள் போகும் காலம். அந்தப் பிராமணர்களின் முன்னோர் ராமேஸ்வரத்திலிருந்து போனவர்கள் என்ற வழிவழிப் பேச்சும் உண்டு. எங்கள் ஊர் என்பதால் அந்த வாசலில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சிலோம்வாசி:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன், ஆனால் வேறு நாளில். ஆற்று நாளை ஆற்றுக்கே விடுங்கள்.

வைகைக்கரை:

போய் வந்துவிட்டோம். வந்து பத்து நாள் ஆகிறது, இப்போதுதான் எழுத முடிந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவட்டும்.

ஏஜென்டிடம் குமரிமுனை சொன்ன கேள்வியைக் கேட்டேன். 'சின்ன இடைவேளை ஒன்று இருக்கும்' என்று பதில் வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

காலை 9 மணிக்கு சாத்தோன். படகுக்குக் கூட்டம் இருந்ததால் சிலோம்வாசி அண்ணா தனிச்செய்தியில் சொன்னபடி முதலில் பக்கத்தில் வாட் யன்னாவாவுக்கு நடந்தோம். கப்பல் வடிவத்தில் ஒரு கோயில். சீனப் பாய்மரக் கப்பல்கள் மறைந்துவிடும், பின்னால் வருகிறவர்கள் அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளட்டும் என மூன்றாம் ராமா கட்டினாராம். அங்கே எங்களைத் தவிர உள்ளூர்ப் பாட்டிகள்தான். அப்பாவுக்கு அன்றைய நாளில் பிடித்த இடமே அதுதான்.

பத்து மணிக்கு மேல் நீலக் கொடி. ஆற்றில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வருகிறது, அதைத் தள்ளிக்கொண்டு இழுவைப் படகுகள் சரக்குத் தெப்பங்களை இழுத்துப் போகின்றன. அம்மா ஜன்னல் பக்கத்தை விட்டு நகரவில்லை.

வாட் போவில் ஒரு பெண் வழிகாட்டி. ஐம்பது வயது இருக்கும். ராமகியேன் சிற்பங்கள்தான் வேண்டும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது, அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவாம். சிற்பங்கள் தாழ்வாக இருப்பதால் அம்மா அண்ணாந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, நாலைந்து சிற்பங்கள் தாண்டியதும் அம்மாவுக்கு நான் தேவைப்படவில்லை. இது ஜடாயு, இது வாலி என்று அவரே விரல் காட்ட ஆரம்பித்துவிட்டார். பெயர் இருவருக்கும் பொதுவாக இருந்ததால் வழிகாட்டிக்கும் புரிந்தது. ஒரு மணி நேரம் பேசியவர் இன்னும் அரை மணி கூடவே இருந்தார், அதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

புளியோதரையைத் தா தியென் துறைப் பக்கம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நொய்யல் அக்காவுக்கு நன்றி.

ஃபெர்ரியில் வாட் அருண். அருணன் பெயரில் இருக்கும் கோயில். அயுத்தயா விழுந்த பிறகு தக்சின் மன்னர் விடியற்காலையில் இங்கே வந்து சேர்ந்தார் என்பார்கள். எதிர்க் கரையிலிருந்து பார்க்கும்போது சாம்பல் நிறமாகத் தெரிந்த கோபுரம், கிட்டே போனால் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள், ஒவ்வொன்றும் பூவாகவும் இலையாகவும். மேலே ஏறும் படிகள் மிகச் செங்குத்து, அம்மாவும் நானும் கீழேயே இருந்துவிட்டோம். கீழேயே ஒரு மணி நேரம் பார்க்க இருக்கிறது. உபோசத வாசலில் இரண்டு காவல் அரக்கர்கள், ஒருவர் வெள்ளை, ஒருவர் பச்சை. பச்சையாக இருப்பவர் தோசகன், அதாவது ராவணன். அம்மா அவரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். 'இங்க இவரைக் காவலுக்கு வெச்சிருக்காங்க பாரு' என்றார்.

கால்வாய்ச் சுற்று மட்டும் நான் நினைத்தபடி அமையவில்லை. நீர் தாழ்ந்திருந்ததால் நீள்வால் படகில் இறங்க அம்மா பயந்தார். படகோட்டியும் கணவரும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். எஞ்சின் சத்தம் காதைப் பிளக்கிறது, பஞ்சு எடுத்துப் போங்கள். ஆனால் உள்ளே போனதும் வேறு ஊர். வாசற்படி நேராகத் தண்ணீரில் இறங்கும் மர வீடுகள், படியில் வெயில் காயும் உடும்பு, வீட்டுக்கு வீடு சின்னச் சின்னப் பூத மாடங்கள். வாட் பாக்நாமின் 69 மீட்டர் புத்தர் கூரைகளுக்கு மேலே திடீரென்று எழுந்தார். படகின் முனையில் மூன்று நிறத் துணியும் பூமாலையும் கட்டியிருந்தது. மே யா நாங் என்ற படகுத் தெய்வத்துக்காம், முனையில் கால் வைக்கக்கூடாது. அம்மா அதைக் கேட்டதும் தன் தலையிலிருந்த பூவை எடுத்துக் கொடுத்தார். படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து, அதை மாலையோடு சேர்த்துக் கட்டினார்.

நொய்யல்:

படித்துவிட்டு மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். மறுபடி போக வேண்டும் என்கிறார்.

தாமரைக்குளம்:

இந்த இழைக்கு இப்போதுதான் வந்தேன். என் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருக்கு இதில் ஏதாவது முடியுமா?

சிலோம்வாசி:

நீள்வால் படகு வேண்டவே வேண்டாம். மற்ற படகுகளிலும் துறையின் சரிவும் படகுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் சிரமம்.

மெட்ரோவில் சனாம் சாய் நிலையத்துக்கு வாருங்கள், லிஃப்ட் உண்டு. வாட் போ அங்கிருந்து தள்ளிக்கொண்டு போகும் தூரம்தான், சிற்பங்களும் நாற்காலியில் இருந்தே பார்க்கும் உயரம். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றால் ராஜினி துறை நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மிதவைக்கு இறங்காமல் மேலேயே நிற்கலாம். வெயிலுக்கு முன்னால், காலை 8 மணி வாக்கில் வந்துவிடுங்கள். என்றைக்கு என்று முன்னமே சொன்னால் நானும் வருகிறேன்.